மூன்று பிளஸ்

குழந்தைகளின் சிறுநீரகப் பிரிவில் கவுன்சிலிங் செய்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். எங்களைப் போல வந்து போகிற பெற்றோர்கள் அனுபவத்தை எழுதித் தந்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று நாலு வெள்ளைத்தாளைக் கையில் கொடுத்தார். "பாசிட்டிவா எழுதுங்க" என்று வேறு சொன்னார். எனக்கு அப்படி எழுத வராது. நம்பிக்கை வேண்டும் என்கிறவர்கள் தினசரி காலண்டரின் அடியில் போட்டிருப்பதைப் படித்துக்கொள்ளலாம். நான் நடந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் பால் சங்கத்தில் பரிசோதகர் வேலை. ஊர்க்காரர்கள் கொண்டுவருகிற பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பதினாலு வருஷமாகக் காலையும் மாலையும் லாக்டோமீட்டரைப் போட்டு அடர்த்தியை, எங்கள் பேச்சில் டிகிரியை, பார்த்துக்கொண்டிருக்கிறேன். மிஷின் வந்த பிறகும் நான் முதலில் கண்ணால்தான் பார்ப்பேன். கேனை ஒரு சாய்ப்பு சாய்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். தண்ணீர் கலந்து கொண்டுவருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "மாட்டுல கறந்தியா, கெணத்துல கறந்தியா?" வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். கேட்கப்பட்ட ஆள் மறுநாள் ஒழுங்கான பாலோடு வருவார், ஒரு வாரம் கழித்துப் பழையபடி கலப்பார். மனிதர்களை மதிப்பதற்கு அந்த வேலையில் எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

வீட்டுக்காரர் ஏழுமலை லோடு வண்டி ஓட்டுகிறார். கல்வராயன் மலையில் மரவள்ளிக்கிழங்கை ஏற்றி ஜவ்வரிசி ஆலைகளில் இறக்குவது. எங்களுக்கு ஒரே மகள், கவிப்பிரியா. இப்போது ஐந்தாம் வகுப்பு.

கவிக்கு எட்டு வயதில் இது தொடங்கியது. காலையில் எழுந்தால் கண் இமை இரண்டும் வீங்கியிருக்கும், மதியத்துக்குள் வடிந்துவிடும். இதற்கு ஊரில் கருத்துச் சொல்லாத ஆளே இல்லை. பக்கத்து வீட்டில் பூச்சிக்கடி என்றார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சொட்டு மருந்து கொடுத்தார். கடைத்தெருவில் ஊசி போடுகிறவர் குழந்தையின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அலர்ஜி என்று எழுதினார். என் நாத்தனார் வசந்தா, ஏழுமலையின் அக்கா, கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு பாட்டில் மலைத்தேனோடு வந்து இறங்கினாள்.

"ஒடம்புல நீர் கோத்துக்கினு கீது செல்வி. வெறும் வயித்துல ஒரு ஸ்பூன் குடு, சரியாப்பூடும்" என்றாள்.

தேனை அலமாரியின் பின்பக்கம் தள்ளி வைத்தேன். ஆனால் நீர் கோத்திருக்கிறது என்று அவள் சொன்னது சரி. அத்தனை மேதைகளில் நோய்க்குக் கிட்டே வந்தவள் அவள் ஒருத்திதான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

பள்ளிக்கூடத்து சாக்ஸைக் கழற்றியபோது காலில் விழுந்த பள்ளம் எழும்பாமல் அப்படியே நின்றது. அன்றைக்கே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சூடு காட்டினார். பால் திரிவதுபோலத் திரிந்தது. திரிந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்போதுதான் முதல்முறையாகப் பயந்தேன். அவர் எங்களைச் சேலத்துக்கு அனுப்பினார்.

நோயின் பெயர் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தில் இருக்கிற சல்லடையின் கண் பெரிதாகிவிடுகிறது. இரத்தத்தில் நிற்கவேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப்போகிறது. புரதம் போனால் நீர் இரத்தக் குழாயில் தங்காமல் முகம், கால், வயிறு என்று வெளியே இறங்கி வீங்குகிறது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சல்லடை சரியாகும். பல குழந்தைகளுக்குத் திரும்பவும் ஒழுகத் தொடங்கும், திரும்பவும் மாத்திரை. பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும் என்று சேலத்து மருத்துவர் அம்மா சொன்னார். எப்போது நிற்கும் என்று கேட்டதற்கு, தெரியாது என்றார்.

சேலத்தில் காத்திருக்கும் கூடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே உட்கார்ந்திருக்கிற பெற்றோர்கள் பிள்ளைகளின் நோயைச் சந்தையில் மாடு பிடிக்க வந்தவர்கள்போல ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். "உங்களுக்கு எத்தன தடவ திரும்பி வந்துச்சு? எங்களுக்கு ஆறு" என்று ஒருவர் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கிறது. இன்னொருவர் போனில் பார்த்த வைத்தியத்தை எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் பிள்ளை பக்கத்திலேயே உப்புப் போட்ட சிப்ஸ் தின்றுகொண்டிருந்தது. நான் யாரோடும் பேசாமல் என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த நோட்டுதான் என் கர்வம். வீட்டில் தினமும் காலையில் முதல் சிறுநீரைச் சோதித்து அதில் எழுத வேண்டும். குழாயில் முக்கால் அளவு எடுத்து, மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவைத்து, நாலு சொட்டு வினிகர் விட்டு, குழாய்க்குப் பின்னால் அச்சடித்த காகிதத்தைப் பிடிக்க வேண்டும். தெளிவாக இருந்தால் 'நில்', அதாவது புரதம் இல்லை. லேசாகக் கலங்கினால் டிரேஸ். இன்னும் கலங்கக் கலங்க ஒரு பிளஸ், இரண்டு பிளஸ். பின்னால் இருக்கிற எழுத்தே தெரியாவிட்டால் மூன்று பிளஸ். கட்டியாகவே திரிந்துவிட்டால் நான்கு. மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். உடனே போன் செய்து மாத்திரையை முழு அளவுக்கு ஏற்ற வேண்டும். மற்ற தாய்மார்கள் தேதி விட்டுவிட்டும், குழம்புக்கறையோடும் நோட்டைக் கொண்டுவருவார்கள். என் நோட்டில் ஒரு நாள் விடுபட்டதில்லை. சங்கத்துப் பதிவேடுபோல ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மாத்திரை கவியை வேறு பிள்ளை ஆக்கியது. பசி அடங்காது. முகம் உருண்டு, கன்னத்தில் மெல்லிய முடி வளர்ந்தது. பள்ளியில் "பன்னு" என்று பெயர் வைத்தார்கள். நான் போய் அந்த வகுப்பு ஆசிரியையிடம் சண்டை போட்டேன். அதன்பிறகு நான் இல்லாத இடத்தில் வைத்துக் கூப்பிட்டார்கள்.

போன புரட்டாசியில் மாத்திரையைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வந்திருந்தோம். அந்தத் தடவை சேலம் போனபோதுதான் தேன்மொழி வந்து பேசினாள். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, முப்பது வயதுக்குள் இருக்கும். ஆராய்ச்சி மாணவி. சொந்த ஊர் திருநாவலூர் என்றாள்.

"அக்கா, மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணு. அதப்பத்திதான் ஆராய்ச்சி. பாப்பாவோட ரத்தம் கொஞ்சமும் காலையில மொத சிறுநீரும் மாசாமாசம் தர முடியுமாக்கா?"

"அது இன்னா புது வியாதி?"

"வியாதி இல்லக்கா. எல்லார் ஒடம்புலயும் கீது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இன்ன புரதம் செய்யின்னு ஒரு கட்டள காப்பி எடுத்துக்கினு போவும். அந்தக் காப்பியப் புடிச்சிக்கினு, இப்ப வாணாம், கொஞ்சம் கம்மியாப் போதும்னு தடுக்கிற குட்டித் துண்டு அது."

எங்கள் சங்கத்தில் செயலாளர் எழுதியனுப்புகிற சீட்டுதான் எனக்கு நினைவு வந்தது. இன்னாரிடம் இன்று பால் எடுக்க வேண்டாம் என்று கையகலக் காகிதத்தில் வரும், நாற்பது லிட்டர் வாசலிலேயே நின்றுவிடும். ஆஸ்துமா, சின்ன வயதுச் சர்க்கரை, மூட்டு வீக்கம், எங்கள் பிள்ளைக்கு வந்த நோய் என்று குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு விடாத நோய்களில், இந்தத் துண்டுகளில் சில கூடுதலாகவும் சில குறைவாகவும் இருக்கின்றனவாம். இரத்தத்திலும் சிறுநீரிலும் அதை எண்ணிப் பார்க்க முடியுமாம். எந்தக் குழந்தைக்கு மாத்திரை கேட்கும், எந்தக் குழந்தைக்கு நோய் திரும்பும் என்று வீங்குவதற்கு முன்னாலேயே சொல்ல முடியுமா என்று தேடுகிறார்கள்.

"இது எம்பொண்ணுக்கு இன்னா பண்ணும்?" என்று கேட்டேன்.

"இப்போதிக்கி ஒண்ணும் பண்ணாதுக்கா. பின்னாடி வேற கொழந்தைங்களுக்கு உதவலாம். அதுவும் உறுதியில்ல."

அந்தக் கட்டடத்தில் தன்னால் ஒன்றும் ஆகாது என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் என்பதால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மனதுக்குள் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரிகிற வீக்கத்துக்கே வழியைக் காணோம், இவள் கண்ணுக்குத் தெரியாத துண்டை எண்ணப்போகிறாள்.

ஐப்பசியில் கவியின் சோதனை முடிவுகள் அருமையாக வந்தன. நில், நில், டிரேஸ், நில். கவி அதிகாலையில் எழுந்து குளியலறையில் பிளாஸ்டிக் தம்ளரில் சிறுநீர் பிடித்து வைப்பாள், நான் சங்கத்துக்குக் கிளம்பும் முன் சோதித்துவிடுவேன். கிணற்றுத் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். பால் அப்படி இருந்தால் கேனைக் கவிழ்த்திருப்பேன். இது சிறுநீர், தெளிவாக இருந்தால் நல்லதுதானே என்று சந்தோஷப்பட்டேன். அப்போது வசந்தா ஒரு மாதம் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். கவியின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "மூஞ்சி மாத்திரையால வந்த வீக்கமாட்டம் தெரியலயே செல்வி" என்றாள். "நீங்க தேன் பாட்டில எடுத்துக்கினு வூட்டுக்குப் போங்க அண்ணி" என்றேன்.

மாதச் சோதனைக்குப் போனபோது ஐஸ் வைத்த டப்பாவில் வீட்டுச் சிறுநீரைக் கொண்டுபோனோம். மருத்துவர் அம்மா எடையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "வீட்டு ரீடிங் எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்து, "எங்கையில ரீடிங் தப்பாது டாக்டர்" என்றேன். கொண்டுபோன சிறுநீரிலும் டிரேஸ்தான் காட்டியது. பசியில் கூடிய எடை என்று முடிவு செய்து மாத்திரையை இன்னும் குறைத்தார்.

மறுநாள் தேன்மொழி போன் செய்தாள்.

"அக்கா, பாப்பா ராத்திரி தண்ணி ஜாஸ்தி குடிச்சாளா? சிறுநீர்ல கிரியேட்டினின் ரொம்பக் கம்மியா கீது. மொத சிறுநீர் இப்படி இருக்காதே. தண்ணி கலந்தாப்புல கீதுக்கா."

"யாரப் பாத்து இன்னா சொல்ற? தண்ணி கலக்கறத பதினாலு வருசமா கண்டுபுடிக்கிறவ நானு. எங்கிட்டயே கலப்படம்னு சொல்றியா? போயி உன் மிஷினக் கழுவு."

கட் செய்தேன். அவள் மறுபடி அழைத்தாள், எடுக்கவில்லை. பாப்பாவைக் கூட்டி வாருங்கள், புதிதாக எடுத்துப் பார்ப்போம் என்று ஒரு செய்தி அனுப்பினாள். அதை அழித்தேன். சங்கத்தில் அன்றைக்கு முழுக்க இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை பால் அளந்துகொண்டிருந்தபோது வசந்தா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். கவிக்குக் காய்ச்சல் கொதித்தது. வயிறு உப்பி, தொட்டால் அலறினாள். ஏழுமலை மலையிலிருந்து ஏற்றிவந்த கிழங்கை வழியிலேயே ஒரு களத்தில் கொட்டிவிட்டு வந்தார். அந்த வண்டியிலேயே சேலத்துக்குப் போனோம். வழியில் அவர் எங்கேயும் வண்டியை நிறுத்தவில்லை.

அவசரப் பிரிவில் கண்ணெதிரே எடுத்த சிறுநீர் நான்கு பிளஸ் காட்டியது. "நேத்து காலையில நில்" என்று நான் நோட்டை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. வயிற்றில் கோத்த நீரில் கிருமி புகுந்து சீழ் வைத்துவிட்டது, இதைப் பெரிட்டோனைட்டிஸ் என்பார்கள் என்றார் மருத்துவர் அம்மா. கிருமியைத் தடுக்கிற புரதமும் சிறுநீரில் ஒழுகிப்போய்விடுவதால் இந்தப் பிள்ளைகளுக்கு இது எளிதாக வரும். இரத்தத்தில் பரவினால் உயிருக்கு ஆபத்து. "ரெண்டு வாரமாவாவது புரதம் போய்க்கிட்டு இருந்திருக்கணும். எப்படித் தெரியாமப் போச்சு?" என்று கேட்டார். அடுத்த இரண்டு நாளை என்னால் விவரமாக எழுத முடியாது. பிள்ளை பிழைக்குமா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அன்று மதியம் தேன்மொழி வார்டுக்கு வந்தாள். திட்டு வாங்கியவள் என்பதற்கு முகத்தில் ஒரு அடையாளமும் இல்லை. கிரியேட்டினின் என்றால் என்ன என்று அப்போதுதான் சொன்னாள். உடம்பு தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேற்றுகிற கழிவு அது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வை எண்ணும் முன் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எண்ணிக்கைக்கு அர்த்தம்.

அதாவது டிகிரி. நான் தினமும் இரண்டு வேளை பார்க்கிற அதே டிகிரி. அவளுடைய நவீன ஆராய்ச்சியின் வாசலில் நின்றது என் தொழில். அதை நான் போனில் திட்டியிருக்கிறேன்.

தண்ணீர் கலந்திருக்கிறது. சரி, யார் கலந்தது? எனக்கு யோசிக்கவே நேரம் தேவைப்படவில்லை. அந்த மாதம் வீட்டில் இருந்த வேற்று ஆள் வசந்தாதான். உப்பில்லாத கஞ்சியைக் கரண்டியால் ஆற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக வீட்டுக்குப் போகாமல், மாற்றுப்புடவைகூட இல்லாமல், என் பிள்ளையின் துணியை அலசிக்கொண்டிருந்தவள்.

"இன்னாத்துக்கு அண்ணி கலந்தீங்க? மருந்து வாணாம், தேன் போதும்னு காட்டவா?" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. "கெணத்துல கறந்தீங்களா?"

வசந்தாவின் கரண்டி நின்றது. கண் நிறைந்தது.

"அத்த இல்லம்மா" என்றாள் கவி. "நான்தான்."

ஏழுமலை எழுந்து வந்து அவள் தலைமாட்டில் நின்றார். "ஏன்டா கண்ணு?"

"நீத்தா இருந்தா கலங்காது. அம்மா சங்கத்துல சொல்லும்ல, தண்ணி ஊத்துனா எல்லாம் கம்மியாப்பூடும்னு."

"மாத்திர வாணாம்னா? பன்னுன்னு கூப்புடுறாங்கன்னா?" என்று நான் கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். மூக்கில் செருகியிருந்த ஆக்சிஜன் குழாயும் சேர்ந்து ஆடியது.

"கலங்குனா நீ டியூப வெச்சிட்டு என்னியப் பாப்ப. தண்ணிப்பால் ஊத்தறவங்களப் பாப்பியே, அதே மாரி. நான் வேணும்னு பண்ணாப்புல."

எதிர்க் கட்டிலில் இருந்த பெண், எத்தனை தடவை திரும்பி வந்தது என்று கணக்குச் சொல்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள், எழுந்து வந்து என் கையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதைக் குடித்தேன். வசந்தா மறுபடி கஞ்சியை ஆற்றத் தொடங்கினாள். என்னைப் பார்க்காமலே, "புள்ளைக்கு ஆறிப்பூடும், ஊட்டு" என்று கிண்ணத்தை நீட்டினாள். அவளிடம் நான் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று எனக்குப் பழக்கமில்லை. அந்தத் தேனை எடுத்து அலமாரியின் முன்வரிசையில் வைத்திருக்கிறேன், அவள் வந்தபோது பார்த்தாள்.

பதினோரு நாளில் வீட்டுக்கு வந்தோம். தேன்மொழியின் ஆராய்ச்சி என்ன கண்டுபிடித்தது என்று கேட்காதீர்கள். எதுவும் முடியவில்லை, வருஷக்கணக்காகும் என்கிறாள். கவியின் சிறுநீர் மாதாமாதம் ஐஸ் டப்பாவில் போகிறது. அந்தக் குட்டித் துண்டுகள் என் மகளுக்கு எதையும் செய்யவில்லை. அவற்றை எண்ணுவதற்கு முன்னால் தண்ணீரைப் பார்த்த ஒருத்தியும், திட்டு வாங்கிய பிறகும் செய்தி அனுப்பிய அவள் குணமும்தான் செய்யப் பார்த்தன. நான் அந்தச் செய்தியை மதித்திருந்தால் வயிற்றில் சீழ் வைத்திருக்காது. புதிதாக வருகிற பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான், இதில் பாசிட்டிவ் எங்கே இருக்கிறது என்று கவுன்சிலிங் அம்மாவே தேடிக்கொள்ளட்டும்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சங்கத்தில் கேனைச் சாய்த்ததும் என் முகம் தானாகவே அப்படித்தான் போகிறது. அது அவ்வளவு சீக்கிரம் கழுவிப் போகிற கறை இல்லை.

வீட்டில் மட்டும் சோதனையை இப்போது கவியே செய்கிறாள். விளக்கைப் பற்றவைப்பது நான், மற்றதெல்லாம் அவள். நோட்டில் எழுதுவதும் அவள்தான். போன வாரம் இரண்டு நாள் தொடர்ந்து மூன்று பிளஸ். மூன்றாம் நாள் காலை குழாயைத் தூக்கி, பின்னால் காகிதத்தைப் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"எழுத்து தெரியுதா?" என்றேன்.

"தெரியல. மூணு பிளஸ்."

"அப்ப போன் பண்ணணும்."

"மறுபடி பன்னு ஆயிடுவனா?"

"ஆவ. அப்புறம் கொறஞ்சிடும்."

"சரி" என்று எழுதினாள். குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு மிச்சச் சிறுநீர் இருந்த தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

"வேணும்னா டிகிரி போட்டுப் பாரு. கெணத்துல கறந்தது இல்லம்மா."

சொல்லிவிட்டு அவள் குழாயைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.